வீட்டு லேண்ட்லைனை வைத்துக்கொள்வதா, துண்டிப்பதா?

எங்கள் வீட்டில் லேண்ட்லைன் மணி அடித்தால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எடுத்தால் கடன் வேண்டுமா என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் ராங் நம்பர். அப்படியும் மாதம் தவறாமல் பில் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் சரி, இதைத் துண்டித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோதுதான், அந்த ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. கடைசியில் என் வீட்டு லைனைத் துண்டித்தேன், அப்பா அம்மா வீட்டு லைனை விட்டுவைத்தேன். ஒரே கேள்விக்கு ஏன் இரண்டு வீட்டில் இரண்டு பதில் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு எது சரி என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு மாதம் எதையும் செய்யாதீர்கள். போன் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துவிடுங்கள், யார் கூப்பிட்டார்கள், எதற்கு, நாம் யாருக்குக் கூப்பிட்டோம், அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் எழுத வேண்டும். பேனாவை நூலால் கட்டி வைக்காவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போய்விடும், அனுபவம். எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் ‘விற்பனை’ என்றுதான் இருந்தது. நான் எதிர்பார்க்காத இரண்டு வரிகளும் இருந்தன. பல் டாக்டரிடம் இருந்து நினைவூட்டல், பெரியம்மாவின் பெயர் நாலு தடவை. பெரியம்மாவுக்கு என் செல் நம்பர் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் விரலுக்குப் பழகியது அந்தப் பழைய நம்பர்தான், அதுவும் ‘யார் எடுத்தாலும் பரவாயில்லை, பேசணும்’ என்று தோன்றும்போது ஒரு ஆளின் நம்பரை எப்படி அழுத்துவது?

யோசித்துப் பார்த்தால் லேண்ட்லைனுக்கும் செல்லுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். லேண்ட்லைன் வீட்டின் நம்பர், செல் ஆளின் நம்பர். பள்ளிவிட்டு வந்து தனியாக இருக்கும் பிள்ளை, பாட்டியைப் பார்த்துக்கொள்ள வருபவர், செல்லைத் தொடவே பிடிக்காத தாத்தா, இவர்களுக்கெல்லாம் வீட்டின் நம்பர்தான் உதவும். உங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை, எல்லோர் பையிலும் ஒரு செல் இருக்கிறது என்றால் பாதி முடிவு இங்கேயே ஆகிவிட்டது.

அடுத்தது மின்சாரம். ‘கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்யும்’ என்பது எல்லோரும் சொல்லும் காரணம், ஒரு காலத்தில் முழு உண்மையாகவும் இருந்தது. பழைய செப்புக் கம்பி லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் உங்கள் வீட்டில் இருந்து வருவதே இல்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக வைத்திருக்கும் பேட்டரிகளில் இருந்து, சுமார் 48 வோல்ட், அதே கம்பி வழியாகவே வருகிறது. ஊரே இருண்டாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்பது அதனால்தான். ஆனால் இன்று பல வீடுகளில் லேண்ட்லைன் என்ற பெயரில் இருப்பது செப்பு லைனே இல்லை. போன் ஒயர் சுவரில் உள்ள சாக்கெட்டுக்குப் போகாமல் இன்டர்நெட் மோடத்தின் பின்பக்கம் செருகியிருந்தால், உங்கள் குரல் இன்டர்நெட் வழியாகத்தான் போகிறது. மோடத்துக்குக் கரண்ட் இல்லை என்றால் போனும் இல்லை. செப்பு லைன்தான் என்றாலும் கார்ட்லெஸ் போன் வைத்திருந்தால் அதே கதி, அதன் அடித்தட்டு வீட்டுக் கரண்டில்தான் ஓடுகிறது.

இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பகல் நேரத்தில், வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள், யுபிஎஸ் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வையுங்கள். என் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, ரிசீவர் வெறும் பிளாஸ்டிக்காகக் கையில் கனத்தது. இத்தனை வருடம் ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று பில் கட்டியது எதற்கு என்று அப்போது ஒரு எரிச்சல் வந்தது பாருங்கள். அப்பா அம்மா வீட்டில் போய் அதே சோதனை செய்தேன். ஹாலில் இருந்த கார்ட்லெஸ் செத்துப்போனது, ஆனால் பரணில் கிடந்த பழைய ஒயர் போனைத் தூசி தட்டிச் சுவர் சாக்கெட்டில் செருகியதும் அந்த ‘ம்ம்ம்’ என்ற ஓசை கணீரென்று கேட்டது. இரண்டு வீட்டு முடிவும் பிரிந்தது அந்த இடத்தில்தான்.

செப்பு லைன் இருக்கிறது என்று அதிலும் ரொம்ப நிம்மதியாக இருந்துவிட முடியாது. உலகம் முழுக்க நிறுவனங்கள் செப்பைக் கழற்றிவிட்டு ஃபைபருக்கு, அதாவது ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைக்கு, மாறிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டனில் பழைய தொலைபேசி வலையமைப்பை 2027 ஜனவரி இறுதிக்குள் மூடிவிடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதனால் ‘என் லைன் செப்பா, ஃபைபரா? செப்பு என்றால் எப்போது மாற்றப் போகிறீர்கள்?’ என்று கஸ்டமர் கேரில் நேராகவே கேளுங்கள். ஃபைபர் லைன்தான் ஆனாலும் வைத்துக்கொள்ள ஆசை என்றால், மோடம், ஃபைபர் வீட்டுக்குள் வந்து சேரும் பெட்டி இரண்டுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

இந்தப் பக்கம் செல்லையும் சும்மா நம்பிவிடக் கூடாது. டவர்களிலும் பேட்டரி இருக்கிறது, ஆனால் நாள்கணக்கில் ஓடாது, பெரும்பாலும் சில மணி நேரம்தான். பெரிய விபத்தோ புயலோ வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் லைன் கிடைக்காது. அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப டயல் செய்வதைவிட ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடுவது மேல், அதற்குக் கொஞ்சம் வழி கிடைத்தாலே போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சிம் வைத்திருந்தால் ஒரு டவர் படுத்தால் மொத்த வீடும் ஊமை. ஒருவராவது வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் சிக்னல் எப்படி என்று பார்க்கும்போது திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். நிஜமாகவே ஒருவரைக் கூப்பிட்டு, பேசிக்கொண்டே ஒவ்வொரு அறையாக நடங்கள். முக்கியமாக படுக்கையறை, குளியலறை. ராத்திரி உடம்புக்கு முடியாமல் போவதும் வழுக்கி விழுவதும் அங்கேதான். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் சிக்னலை நன்றாகவே குடித்துவிடும். எங்கள் வீட்டில் சமையலறையில் பேசினால் குரல் வெட்டி வெட்டி வரும். வைஃபை காலிங்கை (டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகவே பேசும் வசதி) ஆன் செய்ததும் சரியாகிவிட்டது, செட்டிங்ஸில் இருக்கிறது, பலர் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் அதுவும் ரூட்டரின் கரண்டை நம்பித்தான் ஓடுகிறது. இன்னொன்று, பல நாடுகளில் 3ஜி வலையமைப்பையே மூடிவிட்டார்கள், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-லேயே மூடிவிட்டன. மேசை இழுப்பறையில் ‘அவசரத்துக்கு’ என்று போட்டு வைத்திருக்கும் பழைய போனில் வோல்ட்டிஇ, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இல்லை என்றால் இப்போதே ஒரு கால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

குரல் தெளிவைப் பற்றி ஒரு வார்த்தை. லேண்ட்லைனில்தான் தெளிவாகக் கேட்கும் என்று என் அப்பா சத்தியம் செய்வார். பாதி உண்மை. பழைய லைன் நடுவில் வெட்டாது, ஆனால் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையைத்தான் கடத்துகிறது. இரண்டு பக்கமும் எச்டி வாய்ஸ் என்ற தெளிவான குரல் வசதி இருந்தால் செல்லில் 7000 ஹெர்ட்ஸ் வரை வரும், ‘ச’வும் ‘ஃப’வும் தனித்தனியாகக் கேட்கும். சிக்னல் நன்றாக இருந்தால்தான் இதெல்லாம். அது போக, ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசும் சுகம் எந்தச் செல்லிலும் இல்லை, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

அவசர அழைப்புதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. லேண்ட்லைனுக்கு ஒரு நிலையான முகவரி உண்டு, அந்த வசதி இருக்கும் இடங்களில் நீங்கள் பேச முடியாமல் ரிசீவரைக் கீழே போட்டாலும் எந்த வீடு என்று எதிர்முனைக்குத் தெரியும். செல் விஷயத்தில் ரொம்ப நாள் வரை பல நாடுகளில் எந்த டவர் என்பது மட்டும்தான் தெரியும், அது ஒரு பெரிய வட்டாரம். இப்போது நிலைமை தேறியிருக்கிறது. ஆண்ட்ராய்டில் 2016-லும் ஐபோனில் 2018-லும் வந்த வசதி, அவசர எண்ணைக் கூப்பிட்டதும் ஜிபிஎஸ், வைஃபை இரண்டையும் வைத்து இருக்கும் இடத்தைக் கணித்துத் தானாகவே அனுப்பிவிடும், ஆனால் உங்கள் நாட்டில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்க வேண்டும். அப்படியே அனுப்பினாலும் எத்தனையாவது மாடி என்று சொல்லாமல் போகலாம். இன்டர்நெட் வழி லேண்ட்லைனில் வேறொரு பொறி இருக்கிறது: நீங்கள் பதிந்து கொடுத்த முகவரிதான் அதற்குத் தெரியும். வீடு மாறும்போது அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் புது வீட்டில் செருகிவிட்டு முகவரியை மாற்ற மறந்தால், ஆம்புலன்ஸ் பழைய வீட்டு வாசலில் போய் நிற்கும். எந்த போன் வைத்திருந்தாலும் முழு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி போன் இருக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் சொந்த வீட்டு எண்ணே மறந்துபோகும்.

இனி அந்தக் கம்பியில் தொங்குபவை. இன்டர்நெட் அதே செப்பு லைனில் வருகிறதா என்று முதலில் பாருங்கள், வருகிறது என்றால் போனை ரத்து செய்யும்போது இன்டர்நெட்டும் சேர்ந்து போகலாம். திருட்டு அலாரம், முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான், லிஃப்டுக்குள் இருக்கும் போன், வாசல் கேட், ஃபேக்ஸ், இவற்றில் பல இன்னமும் போன் லைன் வழியாகத்தான் கூப்பிடுகின்றன. அவசரப் பொத்தான் இருக்கும் வீட்டில் அதைக் கொடுத்த நிறுவனத்திடம் பேசாமல் லைனைத் தொடவே தொடாதீர்கள். இன்டர்நெட் லைனுக்கு மாறினாலும் அது வேலை செய்யும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அழுத்திப் பார்த்து எதிர்முனையில் ஆள் பேசும் வரை சோதியுங்கள். அப்புறம் படிவங்கள். வங்கி, இன்ஷூரன்ஸ், பள்ளி, மருத்துவமனை, என்றோ எங்கோ எழுதிக் கொடுத்த நம்பர் எல்லாம் அதுவாகத்தான் இருக்கும், சிலவற்றில் ஓடிபி கூட அந்த நம்பருக்கு வாய்ஸ் காலாக வரும். எனக்கு இவற்றை மாற்றவே மூன்று வாரம் ஆனது.

பணம் மிச்சம் என்பதையும் சரிபார்த்துவிட்டு நம்புங்கள். இன்டர்நெட்டோடு சேர்த்த பேக்கேஜில் போனை மட்டும் எடுத்துவிட்டால் பில் குறையாத திட்டங்கள் உண்டு. ‘போன் இல்லாமல் எவ்வளவு?’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: லைன் செப்பு, வீட்டில் வயதானவர்கள், செல் சிக்னல் சுமார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், கார்ட்லெஸ்ஸோடு ஒரு ஒயர் போனும் இருக்கட்டும். லைன் இன்டர்நெட் வழி, சிக்னல் நன்றாக இருக்கிறது, நோட்டில் விற்பனை அழைப்புகள்தான் என்றால் தாராளமாகத் துண்டிக்கலாம். நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு மூன்றாவது வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது: ‘வீட்டு செல்’. பெரிய பொத்தான் வைத்த சாதாரண செல் ஒன்று, ஹாலில் சார்ஜரிலேயே இருக்கும், யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. பொத்தான் போனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு, வயதானவர்களின் வறண்ட விரலைத் தொடுதிரை பல நேரம் கண்டுகொள்ளாது. செல்லோடு புளூடூத்தில் இணைந்து, அழைப்பு வந்தால் எல்லா அறையிலும் மணி அடிக்கும் கார்ட்லெஸ் போன்களும் கிடைக்கின்றன.

துண்டிப்பது என்று முடிவானால் வரிசை மாறக் கூடாது. பழைய நம்பரையே செல்லுக்கு மாற்றிக்கொள்ள உங்கள் நாட்டில் வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால், லைனை ரத்து செய்யச் சொல்லிவிடாமல், புது நிறுவனத்தின் வழியாகவே மாற்ற விண்ணப்பியுங்கள். லைன் உயிரோடு இருந்தால்தான் நம்பர் மாறும், முதலில் ரத்து செய்துவிட்டு வந்தால் பெரும்பாலும் நம்பர் போனது போனதுதான். வழி இல்லை என்றால் பழைய நம்பருக்கு வரும் அழைப்பைப் புதியதற்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங்கை இரண்டு மூன்று மாதம் போட்டு, பழைய நம்பருக்கு வருபவர்களிடம் புதியதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள். மோடமோ கருவியோ திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். நான் வாங்காமல் வந்து, கொடுத்த பெட்டிக்கே இரண்டு மாதம் வாடகை கட்டினேன்.

எங்களுக்கு நம்பரை மாற்றும் வழி கிடைக்கவில்லை. ஃபார்வர்டிங் முடிவதற்குள் பெரியம்மா வீட்டுக்குப் போய், புது வீட்டு செல் நம்பரைக் கை அகல எழுத்தில் எழுதி அவர் போனுக்கு மேலே ஒட்டிவிட்டு வந்தேன். இன்னமும் முதலில் பழையதைத்தான் அழுத்துகிறாராம். ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று அந்தப் பெண் சொல்லி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, அப்புறம் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்க்கிறார்.