டூயல் பூட்டில் பொது பார்ட்டிஷன்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கில் தனியாகப் பிரித்த பகுதி) ஒதுக்குவார்கள். படம், பாட்டு, அலுவலகக் கோப்பு எல்லாம் அதில்தான். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். திடீரென்று ஒரு நாள் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) பக்கம் வந்து ஒரு கோப்பைச் சேமிக்கப் போனால், "ரீட் ஒன்லி" என்று கையை விரித்துவிடும். நேற்று இரவு வரை சரியாக இருந்ததே என்று தோன்றும். உடனே கை கட்டளை தட்டும் டெர்மினலுக்குப் போகும். பெரும்பாலான சேதம் அங்கேதான் தொடங்குகிறது. கோளாறு தெரிவது லினக்ஸில், ஆனால் அதன் வேர் பெரும்பாலும் விண்டோஸில் இருக்கும்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. "ஷட் டவுன்" கொடுத்தால் நம்முடைய புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் கெர்னல் (அதன் மையப் பகுதி) முழுதாக அணையாது. அது இருந்த நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போகும். அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் அல்லவா? அப்படித் தூங்கும்போது, திறந்திருந்த பார்ட்டிஷன்களைப் பற்றிய விவரங்களையும் நினைவில் வைத்துக்கொண்டே தூங்கும்.

மளிகைக் கடையில் ஒரே பேரேட்டில் அண்ணனும் தம்பியும் கணக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் பாதிப் பக்கம் எழுதிவிட்டு, மீதியை மனதில் வைத்தபடி தூங்கப் போகிறார். இடையில் தம்பி வந்து அதே பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும்? விடிந்ததும் அண்ணன் தன் நினைவில் உள்ளதை அதன் மேலேயே எழுதுவார். தம்பி எழுதியதும் போகும், பேரேடும் குழம்பும். என்டிஎஃப்எஸ் என்பது விண்டோஸின் கோப்பு முறை. அதை லினக்ஸில் திறக்க உதவும் பழைய என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவர் "விவரங்கள் விண்டோஸின் கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கின்றன, மவுன்ட் செய்ய (பார்ட்டிஷனை இணைத்துத் திறக்க) மாட்டேன்" என்று சொல்லி, படிக்க மட்டும் திறந்து விடுவது இதனால்தான். எரிச்சலாக இருந்தாலும் நம் கோப்புகளைக் காப்பாற்றுவது அந்த மறுப்புதான்.

ஆகவே முதல் தவறு, அந்த மறுப்பை மீறுவது. "ஃபோர்ஸ்" போட்டு மவுன்ட் செய்யச் சொல்லும் குறிப்புகள் இணையம் முழுக்கக் கிடைக்கும். நானும் ஒரு முறை செய்தேன். அன்று மாலை முழுக்க எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் விண்டோஸைத் திறந்தபோது, புதிதாகப் போட்டிருந்த ஃபோல்டர் சுவடே இல்லாமல் போயிருந்தது. சி டிரைவை மவுன்ட் செய்யும்போது ஹைபர்னேட் கோப்பை (விண்டோஸ் தூங்கும் முன் தன் நிலையை எழுதி வைத்த கோப்பை) அழித்துவிடும் ஒரு ஆப்ஷனும் உண்டு. அதைப் போட்டால் கதவு திறக்கும், ஆனால் விண்டோஸில் ஹைபர்னேட் செய்து வைத்திருந்த சேமிக்காத வேலை போய்விடும்.

இரண்டாவது தவறு என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற லினக்ஸ் கருவி மேல் உள்ள அதீத நம்பிக்கை. பெயரைப் பார்த்து, விண்டோஸின் செக்டிஸ்க் போல இதுவும் டிஸ்க்கைப் பழுது பார்க்கும் என்று நினைக்கிறோம். அதன் கையேடே இது செக்டிஸ்க்கின் லினக்ஸ் வடிவம் இல்லை என்று சொல்கிறது. ஒரு சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, ஜர்னலை (டிஸ்க்கில் செய்யும் மாற்றங்களின் குறிப்பேட்டை) துடைத்துவிட்டு, அடுத்த முறை விண்டோஸ் எழும்போது சோதனை நடக்கும்படி குறித்து வைக்கும். அவ்வளவுதான். அந்த ஜர்னலில் விண்டோஸ் இன்னும் முடிக்காத வேலை ஏதாவது பதிவாகியிருந்தால் அதுவும் துடைப்பில் போய்விடும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? விண்டோஸுக்குள் போய் "ரீஸ்டார்ட்" கொடுங்கள், ஷட் டவுன் வேண்டாம். கேட்கத் தலைகீழாக இருக்கும். ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் கணினியில் ரீஸ்டார்ட்தான் முழுதாக மூடிவிட்டு எழும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையும். அதற்குப் பிறகும் லினக்ஸ் மறுத்தால், விண்டோஸில் அந்த டிரைவின் பிராப்பர்டீஸ், டூல்ஸ், செக் என்று போய் சோதனையை ஓட விடுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடலாம். ஹைபர்னேட் வசதியையே அணைத்தால் இதுவும் சேர்ந்து போகும், சி டிரைவில் சில ஜிபி இடமும் மிச்சம். விண்டோஸின் பெரிய அப்டேட் வந்த பிறகு, அந்த டிக் மறுபடி ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. இதே விதி மறுபக்கத்துக்கும் பொருந்தும். லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குத் தாவினால், இந்த முறை தூங்கும் அண்ணன் லினக்ஸ். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

அடுத்தது அனுமதிச் சிக்கல். பார்ட்டிஷன் திறக்கும், எழுத மட்டும் முடியாது. உடனே எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 கட்டளையைப் போடுவார்கள். சாதாரணமாக மவுன்ட் செய்த என்டிஎஃப்எஸ்ஸிலோ எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு கோப்பு முறையிலோ அது பெரும்பாலும் தண்ணீரில் எழுதிய மாதிரிதான். உரிமையாளர் யார், யாருக்கு எழுத அனுமதி என்பதெல்லாம் மவுன்ட் செய்யும்போதே முடிவாகிறது. எஃப்ஸ்டேப் (எந்தப் பார்ட்டிஷனை எப்படித் திறப்பது என்று லினக்ஸ் பார்க்கும் கோப்பு) வரியில் உங்கள் பயனர் எண்ணைக் கொடுக்க வேண்டும், வழக்கமாக அது 1000. 2021-இல் லினக்ஸ் கெர்னல் 5.15-உடன் என்டிஎஃப்எஸ்3 என்ற புதிய டிரைவர் வந்தது. பழைய டிரைவரில் பயனர் எண் கொடுக்காமலே எல்லாருக்கும் எழுத முடிந்தது. புதியதில் அதே பழக்கத்தில் வரி எழுதினால் எல்லாக் கோப்பும் நிர்வாகிப் பயனரான ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அழுக்கு (சரியாக மூடப்படவில்லை) என்று குறியிடப்பட்ட பார்ட்டிஷனை ஃபோர்ஸ் இல்லாமல் மவுன்ட் செய்யவும் புதியது மறுக்கும்.

எஃப்ஸ்டேப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. அதில் எஸ்டிஏ5 போன்ற டிஸ்க் வரிசைப் பெயரை எழுதாதீர்கள். இன்னொரு டிஸ்க்கைச் சொருகிவிட்டு பூட் செய்தால் பெயர் மாறக்கூடும். பார்ட்டிஷனின் தனி அடையாள எண்ணான யுயுஐடியை எழுதுங்கள், பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்தால் அதுவும் மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, பார்ட்டிஷன் கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்லும் "நோஃபெயில்" சேர்ப்பது அவசியம். அது இல்லாவிட்டால், பாட்டும் படமும் வைத்த ஒரு பார்ட்டிஷன் கிடைக்கவில்லை என்பதற்காக மொத்தக் கணினியும் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

என்டிஎஃப்எஸ் தொல்லையே வேண்டாம் என்று பழைய கோப்பு முறையான ஃபேட்32-க்கு ஓடுபவர்களும் உண்டு. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ஒரு நீளமான வீடியோவிலேயே கதை முடிந்துவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வரம்பு தொல்லை இல்லை, லினக்ஸ் கெர்னலிலேயே ஆதரவும் உண்டு. ஆனால் ஜர்னல் கிடையாது. யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன மிஞ்சும் என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் நிலையான பொது பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ், கையில் எடுத்துச் செல்லும் பென்டிரைவுக்கு எக்ஸ்ஃபேட்.

விண்டோஸ் பக்கம் ஒரு கண்ணிவெடி உண்டு. லினக்ஸ் இருக்கும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு விண்டோஸ் எப்படியோ டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டால், "பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று கேட்கும். பழுதை அது சரிசெய்யப் போவதாக நினைத்து "சரி" அழுத்தினால் உங்கள் உபுண்டு போயே போய்விடும். கேன்சல் கொடுத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த எழுத்தை நீக்கிவிடுங்கள்.

கோப்புப் பெயர்கள் சின்ன விஷயம்போலத் தெரியும். லினக்ஸில் "கூட்டம் 10:30" என்று ஒரு கோப்பைச் சேமித்தால் விண்டோஸ் அதைத் திறக்கத் திணறும், ஏனென்றால் அங்கே பெயரில் முக்காற்புள்ளிக்கும் கேள்விக்குறிக்கும் இடமில்லை. ஸ்டீமின் புரோட்டான் (விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் கருவி) தன் ஃபோல்டருக்குள் இப்படிப்பட்ட பெயர்களைத் தானே உருவாக்கும், அதனால் அதைப் பொது பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் வேறு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், என்டிஎஃப்எஸ்ஸுக்கு வேறு வேறு. இரண்டு பக்கமும் வெவ்வேறு கீபோர்டு வைத்திருந்தால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் அருகருகே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழிக்க நேரும்.

கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பவில்லையென்றால், லினக்ஸ் அதைப் புள்ளியில் தொடங்கும் ஒரு குப்பை ஃபோல்டரில் அதே பார்ட்டிஷனிலேயே வைத்திருக்கும். விண்டோஸின் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் அது போகாது, லினக்ஸ் பக்கம் வந்துதான் காலி செய்ய வேண்டும்.

கடைசியாக பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் என்கிரிப்ஷன். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடுகிறது, சி டிரைவோடு நிற்காமல் உள்ளே இருக்கும் மற்ற பார்ட்டிஷன்களையும் பூட்டிவிடும். லினக்ஸில் அது சில சமயம் பழுதான பார்ட்டிஷன் போலத் தெரியும். பழுது பார்க்க இறங்கும் முன் விண்டோஸ் செட்டிங்ஸில் ஒரு முறை பாருங்கள். பொது பார்ட்டிஷனுக்கு மட்டும் அதை அணைக்கலாம், அல்லது 48 இலக்க ரெகவரி கீயைக் கொடுத்து லினக்ஸிலேயே திறக்கலாம். அந்தக் கீயை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, பூட்டப்பட்ட அதே பார்ட்டிஷனுக்குள் பத்திரமாக வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.