கிளட்ச் வழுக்கினால் உடனே பிளேட்டைக் குறை சொல்லாதீர்கள்

ரீமேப் செய்த (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டிய) காரோடு வரும் தம்பிகள் பெரும்பாலும் ஒரே வசனத்தோடுதான் இறங்குகிறார்கள்: "அண்ணா, கிளட்ச் பிளேட் போச்சு, மாத்திடலாம்." பிளேட்தான் போனது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. 20,000 கிலோமீட்டர்கூட ஓடாத காரில் கிளட்ச் வழுக்கினால், அதாவது இன்ஜின் சுற்றுவது முழுதாகச் சக்கரத்துக்குப் போகாவிட்டால், தேய்மானத்தைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். வழுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் கியர்பாக்ஸை இறக்கிய காலம் எனக்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பெடல்மேல் காலை வைத்தே ஓட்டாதே, மேட்டில் அரைக் கிளட்சில் நிற்காதே என்பதெல்லாம் ஓட்டுநர் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நான் போகவில்லை. வழுக்கலைக் கண்டுபிடிப்பதிலும் சரிசெய்வதிலும் நடக்கும் மற்ற தவறுகள் இவை.

முதல் கியரில் சோதித்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்பது

முதல் இரண்டு கியர்களில் வழுக்கல் பெரும்பாலும் தெரியாது. டர்போ முழு பூஸ்டைக் கட்டுவதற்குள் ஆர்பிஎம் ஏறி முடிந்துவிடும். பல கார்களில் ஈசியூவும் (இன்ஜின் கம்ப்யூட்டர்) கீழ்க் கியர்களில் டார்க்கை (முறுக்கு விசையை) குறைத்தே கொடுக்கும். சாலை காலியாக இருக்கும் இடத்தில், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் பின்தங்கினால் அது வழுக்கல்.

வீல் ஸ்பின்னைக் கிளட்ச் என்று நினைப்பது

காரின் ஓபிடி சாக்கெட்டில் (கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் இடம்) கருவியை மாட்டி, ஓடும்போது வரும் எண்களைப் பதிவு செய்யுங்கள். ஒரே கியரில் ஆர்பிஎம்மை வேகத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண்தான் வர வேண்டும். முன்சக்கர இழுவை காரில் வீல் ஸ்பின் ஆனால் முன்சக்கர வேகமும் ஆர்பிஎம்மோடு சேர்ந்தே ஏறும், அதனால் அந்த எண் மாறாது. கிளட்ச் வழுக்கினால் மாறிவிடும். முன்சக்கர, பின்சக்கர வேகங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

கைபிரேக் போட்டு, டாப் கியரில் கிளட்சை விட்டு, இன்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பது

முழுதாகச் செத்த கிளட்சை மட்டும்தான் அது பிடிக்கும்.

கழற்றிய பிளேட்டைப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கியர்பாக்ஸை இறக்க ஒரு நாள் கூலி, கிளட்ச் செட்டுக்குத் தனிக் காசு. இவ்வளவும் செலவழித்துவிட்டு, காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைக் குப்பையில் வீசுகிறார்கள்.

ஒரு டர்போ ஹேட்ச்பேக் வந்தது. ஏற்கெனவே வேறு இடத்தில் இரண்டு முறை கிளட்ச் செட் மாற்றியிருந்தார்கள். காலையில் நன்றாக இழுக்கும், ஒரு மணி நேரம் ஓட்டினால் வழுக்கும். "பழைய பிளேட் எங்கே தம்பி?" என்றேன். அங்கேயே விட்டுவிட்டாராம். நல்லவேளை, போனில் படம் வைத்திருந்தார். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் (பிளேட்டின் உராய்வுப் பரப்பு) தாராளமாக இருந்தது. பல கார்களில் ரிவெட் தலை 0.3 மி.மீ. ஆழத்துக்கு வரும்வரை பிளேட்டை ஓட்டலாம். இது அந்த எல்லைப் பக்கமே போகவில்லை. ஆனால் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தது. நல்ல பிளேட்டை எதுவோ முழுதாக அழுத்தவிடாமல் தடுத்திருக்கிறது.

கியர்பாக்ஸைத் தொடவே இல்லை. சூடாக்கி, வழுக்கத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சை விடுவிப்பது) பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலை வெளியேற்றும் திருகை, லேசாகத் தளர்த்தினேன். பெடலை யாரும் மிதிக்காமலேயே ஆயில் பீய்ச்சி அடித்தது. நிப்பிளை மூடிவிட்டு ஓட்டினால் வழுக்கல் இல்லை. கிளட்ச் மேலேயே பிடிக்கட்டும் என்று யாரோ மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுவது) புஷ்ராடை நீட்டி வைத்திருந்தார்கள். பெடலில் ஃப்ரீ பிளே (வேலை தொடங்குமுன் இருக்கும் சும்மா அசைவு) துளியும் இல்லை. அப்படி இருந்தால் பிஸ்டன் முழுதாகப் பின்னால் போகாது, ரிசர்வாயருக்குப் போகும் துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் ஸ்லேவைத் தள்ளும். அதாவது யாரோ எந்நேரமும் பெடலைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஸ்பேனர் எடுத்து பத்து நிமிட வேலை. அதற்கு இரண்டு கிளட்ச் செட்!

உள்ளே ஊதிப்போன ஹோஸும் இதையே செய்யும். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் மினரல் ஆயிலை ஊற்றி, ரப்பர் சீல்கள் உப்பிப்போனாலும் இதே கதைதான்.

பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் முகர்ந்து பாருங்கள். ஃப்ளைவீல் (பிளேட் அழுந்தும் இன்ஜின் பக்கத்துச் சக்கரம்) பக்கம் கறுப்பாக இன்ஜின் ஆயில் வாடை அடித்தால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல். கந்தக நெடியோடு ஸ்ப்ளைன் (பிளேட்டின் நடுவில் ஷாஃப்ட் நுழையும் பற்கள்) பக்கம் இருந்தால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். ரிலீஸ் பேரிங்கும் ஸ்லேவும் ஒன்றாக உள்ளேயே இருக்கும் கார்களில் கிளட்ச் ஆயிலும் கசியும். ஸ்ப்ளைனில் கிரீஸை அள்ளிப் பூசியிருந்தால் அது சுழற்சியில் தெறித்து லைனிங்குக்குத்தான் போகும். ஆயில் பட்ட கிளட்ச் வண்டியை நகர்த்தும்போது உதறவும் செய்யும்.

பிளேட் சுத்தமாக, தடிமனாக இருக்கிறது, சூடோ குளிரோ டார்க் உச்சத்தில் மட்டும் வழுக்குகிறது, ரீமேப் செய்த நாளில் இருந்தே இப்படி என்றால் கிளட்ச் மேல் குற்றமே இல்லை. இந்தியாவில் விற்ற ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ கம்பெனியில் இருந்து 175 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு வந்தது. அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கிளட்சை வைத்திருப்பார்கள். ரீமேப் அந்த இடத்தைத் தின்றுவிட்டால் அதே ரகத்தில் புதுசு போட்டாலும் வழுக்கும். இங்கே மட்டும்தான் கூடுதல் பிடிமானம் உள்ள கிட் வாங்குவது நியாயம்.

எதற்கும் கடினமான பிரஷர் பிளேட்டே போடுவது

பிரஷர் பிளேட் என்பது கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் ஸ்பிரிங் தட்டு. ஆயில் கசிவை ஸ்பிரிங் நிறுத்தாது. பெடல் கனமாகும், மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்மேல் கூடுதல் சுமை ஏறும். முட்டியும் வலிக்கும்.

புது பிளேட்டோடு நேராக டிராக்குக்குப் போவது

கிட் தயாரிப்பாளர்கள் பலர் 800 கி.மீ. பதப்படுத்தச் சொல்கிறார்கள். ஒருவர் கோவையில் இருந்து சென்னைக்கு டாப் கியரில் போய்விட்டு, பாதிக்குமேல் முடிந்தது என்றார். கிளட்ச் பிடித்து விடும்போதுதான் லைனிங் ஃப்ளைவீலோடு பொருந்தும், நெடுஞ்சாலையில் அது சும்மா கூடச் சுற்றிக்கொண்டிருக்கிறது. டவுனுக்குள் ஓட்டுங்கள். காந்திபுரம் சிக்னல்கள் வேறு எதற்கு இருக்கின்றன!

ஃப்ளைவீலை அப்படியே விடுவது

நீலப் புள்ளிகளும் பள்ளமும் இருக்கும் ஃப்ளைவீலில் புது பிளேட் சரியாக உட்காராது. ஒற்றை ஃப்ளைவீல் என்றால் லேத்தில் முகம் எடுக்கலாம். டூயல் மாஸ் (நடுவில் ஸ்பிரிங் உள்ள இரட்டை ஃப்ளைவீல்) என்றால் லேத் வேண்டாம், ஆட்டம் எவ்வளவு என்று பார்த்து, கூடுதலாக இருந்தால் மாற்றுங்கள்.

பழைய ஃப்ளைவீல் போல்ட்டுகளையே திரும்ப மாட்டுவது

முறுக்கும்போது நீண்டு இழுபடும் ரக போல்ட்டாக இருந்தால் ஒருமுறைக்குத்தான். புதுசு வாங்குங்கள்.