மில்லியனர் ஆவது என்றால் என்ன? கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

சித்தப்பா மகன் ஒருவன் போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் வந்தான். முகத்தைக் காட்டுவதற்கு முன்பே கணினித் திரையைக் காட்டினான். எக்செல் தாள் ஒன்று திறந்திருந்தது. கடைசி வரியில் தடித்த எழுத்தில் 11,80,000 டாலர். "அண்ணா, மில்லியன் தாண்டியாச்சு" என்றான். இருபது வருட உழைப்பு அந்த ஒரு வரியில் இருந்தது. எனக்கும் மனம் நிறைந்தது. பிறகு மேலே இருந்த நான்கு வரிகளைப் படித்தேன்.

வீடு 7,20,000. ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு 3,90,000. வங்கி இருப்பு 45,000. கார் 25,000. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் வீட்டுக் கடனில் இன்னும் 3,10,000 பாக்கி, கார் கடனில் 18,000 பாக்கி என்பது எனக்குத் தெரியும். இரண்டுமே அந்தத் தாளில் இல்லை.

நான் அடிக்கடி பார்க்கிற தவறு இதுதான். இருப்பதையெல்லாம் ஆசையாகக் கூட்டுவோம், கொடுக்க வேண்டியதைக் கழிக்க மறந்துவிடுவோம். மில்லியனர் என்ற சொல் சொத்தின் மொத்த விலையைக் குறிப்பதில்லை. சொத்திலிருந்து கடனைக் கழித்தால் மிஞ்சுகிற நிகர மதிப்பைத்தான் குறிக்கிறது. கழித்துப் பார்த்தால் என் தம்பியின் கையில் இருப்பது 8,52,000. நல்ல தொகைதான். ஆனால் மில்லியன் இல்லை.

வீட்டைச் சேர்க்கலாமா?

இந்த இடத்தில் நிபுணர்களே ஒரே மாதிரி கணக்குப் போடுவதில்லை. சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் உலகச் செல்வ அறிக்கை வீடு, நிலம் எல்லாவற்றையும் சேர்த்து, கடனைக் கழித்து எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 2024 முடிவில் உலகில் டாலர் மில்லியனர்கள் ஏறத்தாழ 6 கோடிப் பேர். அவர்களில் சுமார் 2.4 கோடிப் பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பாலானோர் ஒன்றிலிருந்து ஐந்து மில்லியனுக்குள் நிற்பவர்கள். அவர்களில் பலரை அந்த நிலைக்குக் கொண்டுவந்ததில் வீட்டு விலை ஏற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கேப்ஜெமினி நிறுவனம் பணக்காரர்களை எண்ணும் முறை வேறு. முதலீடு செய்யக்கூடிய சொத்து ஒரு மில்லியன் டாலர் இருக்க வேண்டும் என்கிறது. குடியிருக்கும் வீடும் சேகரித்து வைத்திருக்கும் அரும்பொருள்களும் அதில் சேராது.

என் மனதில் பதிந்தது அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. பொதுச் சந்தைக்கு வராத, ஆபத்து மிகுந்த முதலீடுகளில் பணம் போட ஒருவருக்குத் தகுதி உண்டா என்று பார்க்க, 1982-இல் அது வைத்த அளவுகளில் ஒன்று ஒரு மில்லியன் டாலர் நிகர மதிப்பு. அப்போது வீட்டையும் சேர்த்துக்கொள்ள விட்டார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 2010-இல் வந்த சட்டம் குடியிருக்கும் வீட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. காரணம் எளிது. போட்ட பணம் போய்விட்டால் அந்த நட்டத்தைத் தாங்க வேண்டியது கைப்பணம். கூரையை விற்று நட்டத்தைத் தாங்குகிறவர் அதன்பின் எங்கே போய்ப் படுப்பார்?

நான் தம்பியிடம் சொன்னது இதுதான். வீட்டைத் தாராளமாக எழுது, ஆனால் தனி வரியில் எழுது. வீடு உனக்கு வாடகையை மிச்சப்படுத்துகிறது, அது பெரிய விஷயம். ஆனால் அது மாதாமாதம் உனக்குப் பணம் தருவதில்லை. வரி, பழுது, காப்பீடு என்று உன்னிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டையும் காரையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது மிஞ்சியது 4,35,000. அதிலும் 3,90,000 வரி கட்டாமல் சேர்த்த பணம். அமெரிக்க விதிப்படி, அந்த வகைக் கணக்கிலிருந்து எடுக்கும்போது எடுத்த தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். 59 வயது ஆறு மாதம் ஆவதற்கு முன் எடுத்தால், சில விதிவிலக்குகள் தவிர, கூடவே 10 சதவீத அபராதமும் உண்டு. திரையில் தெரிகிற தொகையில் ஒரு பங்கு அரசுக்கு உரியது என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

மில்லியன் மாதம் எவ்வளவு தரும்?

ஒரு மில்லியன் இருந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் ஏராளம். வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு 1994-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஓய்வு பெறும் முதல் ஆண்டில் சேமிப்பில் சுமார் 4 சதவீதம் எடுக்கலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசி ஏறிய அளவுக்கு அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த முதலீடாக இருந்தால், அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றில் மோசமான காலங்களில்கூடப் பணம் 30 ஆண்டு தாங்கியிருக்கிறது. பின்னாளில் அவரே அந்தச் சதவீதத்தைச் சற்று உயர்த்தினார். ஆனாலும் 4 சதவீத விதி என்றே அது நிலைத்துவிட்டது.

அதன்படி ஒரு மில்லியன் டாலர் தருவது ஆண்டுக்கு 40,000. மாதம் சுமார் 3,330, அதுவும் வரிக்கு முன். சிக்கனமான குடும்பத்துக்கு அது போதலாம். சொகுசான வாழ்க்கை என்று மில்லியனர் என்ற சொல் நம் மனதில் வரைகிற படத்துக்கு அது போதாது. நாற்பது வயதில் வேலையை விடுகிறவருக்குப் பணம் 30 ஆண்டு தாங்கினால் மட்டும் போதாது, 50 ஆண்டு தாங்க வேண்டியிருக்கும். அவர் 4 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் எடுக்க முடியும்.

இந்தக் கணக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சராசரி லாபம் எவ்வளவு என்பது போலவே, நட்டம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். ஒரு மில்லியனோடு ஓய்வு பெற்றவர் முதல் ஆண்டுச் செலவுக்கு 40,000 எடுக்கிறார். அதே ஆண்டு சந்தை 30 சதவீதம் விழுகிறது. மீதி 6,72,000. மறு ஆண்டு அதே 40,000 எடுத்தால், அது இப்போது சேமிப்பில் கிட்டத்தட்ட 6 சதவீதம். பிறகு சந்தை ஏறினாலும், அதோடு சேர்ந்து வளரக் கையில் மிஞ்சிய பணம் குறைவாகத்தான் இருக்கும். 2000-இல் ஓய்வு பெற்றவர்கள் இதை நேரில் அனுபவித்தார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2002 அக்டோபருக்குள் ஏறத்தாழப் பாதியானது. பழைய உச்சத்தைத் தொட 2007 வரை ஆனது. தொட்ட கையோடு மறுபடி பாதிக்கு மேல் சரிந்தது. அதனால்தான் ஓய்வுக்கு நெருங்கியவர்கள் இரண்டு மூன்று ஆண்டுச் செலவுக்கான பணத்தைப் பங்குச் சந்தைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

பழைய மில்லியனும் இன்றைய மில்லியனும்

மேலே சொன்ன அந்த 1982 விதியில் ஒரு மில்லியன் என்ற தொகை இன்றுவரை மாறவே இல்லை. ஆனால் டாலர் மாறிவிட்டது. அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1982-84 காலத்தின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டது. 2023-இல் அது 300-ஐத் தாண்டியது. அன்று ஒரு மில்லியன் வாங்கியதை இன்று வாங்க மூன்று மில்லியனுக்கு மேல் வேண்டும். 1913-இல் மில்லியனராக இருந்தவரோடு தன்னை ஒப்பிடுகிறவர் 30 மில்லியனுக்கு மேல் வைத்திருக்க வேண்டும். சொல் அதேதான், அது அளக்கும் செல்வம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இதை மறைத்துச் செய்யப்படும் விளம்பரங்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். "மாதம் 500 டாலர் போடுங்கள், 40 ஆண்டில் மில்லியனர் ஆகுங்கள்" என்பார்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் கணக்கு சரிதான், சுமார் 13 லட்சம் டாலர் சேரும். ஆனால் அந்த 40 ஆண்டில் விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், அந்த 13 லட்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 4 லட்சம். இருபத்தைந்து வயதில் இதை நம்பித் தொடங்கும் பிள்ளை அறுபத்தைந்து வயதில்தான் இதைத் தெரிந்துகொள்ளும். சம்பளம் உயர உயர மாதத் தொகையையும் உயர்த்த வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும், அந்தப் பிள்ளை தப்பிவிடும். 72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால், எத்தனை ஆண்டில் விலைகள் இரட்டிப்பாகும் என்று தோராயமாகத் தெரியும். 3 சதவீதம் என்றால் 24 ஆண்டு. இதற்குக் கால்குலேட்டர்கூடத் தேவையில்லை.

எந்த நாட்டுப் பணம் என்பதையும் கேட்க வேண்டும். நம் செய்திகளில் மில்லியனரைக் கோடீஸ்வரர் என்று எழுதிவிடுகிறார்கள். மில்லியன் என்பது பத்து லட்சம், அவ்வளவுதான். பத்து லட்சம் வியட்நாமிய டாங் சுமார் 40 டாலர். 1923 நவம்பரில் ஜெர்மனியில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று ரொட்டி வாங்க வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் மில்லியனர்கள்தான்.

இந்தச் சொல் பரவிய கதையையும் சொல்ல வேண்டும். 1719-இல் பாரிஸில் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய மிசிசிப்பி நிறுவனத்தின் பங்குகள் தறிகெட்டு ஏறின. சுமார் 500 லிவருக்கு (அன்றைய பிரெஞ்சு நாணயம்) விற்ற பங்கு 10,000 வரை போனது. திடீர்ப் பணக்காரர்களைக் குறிக்க இந்தச் சொல் அங்கேதான் புழக்கத்துக்கு வந்தது என்பார்கள். 1720-இல் எல்லாம் சரிந்தது. ஜான் லா நாட்டைவிட்டு ஓடி, 1729-இல் வெனிசில் வறுமையில் இறந்தார். அன்றைய முதல் மில்லியனர்களில் பலர் பங்கை விற்காமல் விலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள். வேலை செய்யும் நிறுவனத்தின் பங்கையே சம்பளமாக வாங்கி, முழுச் சேமிப்பையும் அதிலேயே வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நிறுவனம் ஆட்டம் கண்டால் வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போகும். கொஞ்சம் கொஞ்சமாக விற்று வேறு இடங்களில் பரப்பி வைப்பதைத் துரோகமாக நினைக்கத் தேவையில்லை.

பணத்தையெல்லாம் ஒரே வங்கியில் குவிப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு வங்கியில் ஒருவரின் வைப்புக்குச் சாதாரணமாக 2,50,000 டாலர் வரைதான் காப்பீடு. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது அங்கிருந்த வைப்புகளில் மிகப் பெரும்பகுதி அந்த வரம்புக்கு மேல் இருந்தது. அரசு தலையிட்டு வைப்பு வைத்திருந்த எல்லோரையும் காப்பாற்றியது. அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வருமானத்தைச் செல்வம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் சம்பாதித்து மூன்று லட்சத்தையும் செலவழிப்பவரின் நிகர மதிப்பு சுழியம். மறுபக்கம் ரொனால்ட் ரீட் என்று ஒருவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்தார். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர், பிறகு ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்தவர். 2014-இல் 92 வயதில் அவர் இறந்தபோது சுமார் 80 லட்சம் டாலர் இருந்தது. அதில் பெரும்பகுதியை ஊர் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் எழுதி வைத்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்பவர்கள் சிக்கனத்தை மட்டுமே சொல்கிறார்கள். பங்குகளை வாங்கி, பல பத்தாண்டுகள் விற்காமல் வைத்திருந்ததையும், 92 வயதுவரை உயிரோடு இருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். கூட்டு வட்டிக்குக் காலம் வேண்டும், அந்தக் காலம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அன்று தம்பியிடம் கடைசியாகக் கேட்டேன், "மாசம் உனக்கு எவ்வளவு செலவாகுது?" அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து வங்கி அறிக்கைகளைக் கூட்டிப் பார்த்துச் சொன்னான், கடன் தவணையோடு 5,200 டாலர். வேலை நின்றுபோனால் 4,35,000 எத்தனை நாள் வரும் என்று வகுத்தோம். வரியும் வளர்ச்சியும் சேர்க்காமல் 83 மாதம். ஏழு ஆண்டுகூட முழுதாக இல்லை. வேலை செய்யாமலே வாழ வேண்டுமானால், 4 சதவீத விதிப்படி ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு, அதாவது வீடு போக 15,60,000 வேண்டும் என்று வந்தது.

"அப்போ நான் மில்லியனர் ஆனாலும் பத்தாதாண்ணா?" என்று கேட்டான். வீட்டுக் கடன் முடிந்தால் செலவு குறையும், அப்போது இந்த எண்ணும் இறங்கும் என்றேன். இந்த ஜனவரியில் புதிய தாளை அனுப்பியிருந்தான். வீடு கூட்டலுக்குக் கீழே தனி வரியில் இருந்தது, கடன்கள் சிவப்பில் இருந்தன. தடித்த எழுத்தில் இருந்தது டாலர் தொகை இல்லை. 91 மாதம் என்று போட்டிருந்தான்.