நாடாப்புழுவும் வலிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“நாங்கள் சுத்த சைவம். எங்கள் பிள்ளைக்கு எப்படிப் பன்றியின் நாடாப்புழு வந்தது?” வலிப்பு வந்த பிள்ளையின் மூளை ஸ்கேனில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறது என்று கேட்டதும் பெற்றோர் பலர் இப்படித்தான் தவித்துப் போகிறார்கள். தவிப்பு நியாயமானது. ஆனால் சைவ உணவு இந்த நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கைதான் முதல் தவறு.

இந்தப் புழு மனிதருக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு; விளைவும் வெவ்வேறு. பன்றி இறைச்சிக்குள் சவ்வரிசி போன்ற கட்டிகளாகப் புழுவின் இளம் பருவம் இருக்கும். இறைச்சி சரியாக வேகாவிட்டால், உண்டவரின் குடலில் அது சுமார் 2 மாதங்களில் முழு வளர்ச்சியடைந்து, மீட்டர் கணக்கில் நீளும் நாடாப்புழுவாகிவிடும். அவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் அவருடைய மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகள் அவ்வப்போது வெளியேறும்.

இரண்டாவது வழி, அந்த முட்டைகளை விழுங்குவது. அப்போது குடலில் நாடாப்புழு வளர்வதில்லை. முட்டையிலிருந்து வரும் கரு குடல் சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு பயணம் செய்து தசையிலும் கண்ணிலும் மூளையிலும் கட்டியாகத் தங்கிவிடுகிறது. வலிப்பைத் தருவது இந்த மூளைக் கட்டிதான். பன்றி இறைச்சியைக் கண்ணால்கூடப் பார்க்காதவருக்கும் இது வரலாம். சமைப்பவரோ பரிமாறுபவரோ குடலில் புழுவைச் சுமந்துகொண்டு, கழிப்பறை சென்றபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் விட்டாலே போதும். புழுவைச் சுமப்பவர் தம் கையாலேயே தமக்கும் இந்நோயை வரவழைத்துக்கொள்வதுண்டு.

1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு நல்ல சான்று. பன்றி இறைச்சியை மதக் கட்டளையாகவே விலக்கிய நியூயார்க் யூதக் குடும்பங்களில் சிலருக்கு மூளைக் கட்டி வந்திருந்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அந்த வீடுகளுக்கு வேலைக்கு வந்தவர்கள் வழியாகவே தொற்று பரவியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வேலைக்கு வந்தவர்களைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தமக்குள் புழு இருப்பது அவர்களுக்கே தெரியாது என்பதுதான் இந்நோயின் கொடுமை.

முட்டைக்கோஸுக்குள் நாடாப்புழு இருக்கும் என்று அஞ்சுவதும் இதே குழப்பத்தின் கிளைதான். எந்தக் காய்க்குள்ளும் நாடாப்புழு பிறப்பதில்லை. மனித மலம் கலந்த நீரோ மண்ணோ பட்ட கீரை, கேரட், கொத்தமல்லி எதிலும் முட்டை ஒட்டியிருக்கலாம். வேகவைத்தால் அது செத்துவிடும். பச்சையாக உண்பவற்றை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

நோயைக் கண்டறிவதிலும் தடுமாற்றங்கள் பல. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் மூளையிலும் ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. மூளையில் கட்டி உள்ள பெரும்பாலானோரின் குடலில் புழு இருப்பதில்லை. ஆகவே அந்த முடிவு எதையும் மறுக்காது. குடல் புழுவைத் தேடும்போதும் ஒருமுறை மட்டும் மல மாதிரி கொடுத்தால் போதாது. முட்டைகள் தினமும் வெளியேறுவதில்லை என்பதால் வெவ்வேறு நாட்களில் 3 மாதிரிகள் கொடுப்பது நல்லது. இரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பவும் முடியாது. இந்தியாவில் அதிகம் காணப்படுவது ஒற்றைக் கட்டி. அதில் இரத்தப் பரிசோதனை பலமுறை ஏமாற்றிவிடும். சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களே முதன்மையான வழி.

ஸ்கேனிலும் ஒரு பொறி இருக்கிறது. மூளைக் காசநோய்க் கட்டியும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் தெரியும். ஒரு காலத்தில் இந்தியாவில் இத்தகைய சிறு கட்டிகள் பலவற்றைக் காசநோய் என்றே எண்ணி நீண்ட நாள் மருந்து கொடுத்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ராஜசேகர், சாண்டி ஆகியோர் இரண்டையும் பிரித்தறிய அளவுகோல்களை வகுத்தார்கள். கட்டி 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாமை, மூளையின் நடுக்கோடு விலகாமை ஆகியவை அவற்றில் அடங்கும். காசநோய் மருந்தோ அறுவை சிகிச்சையோ வேண்டாம் என்று பல நோயாளிகளைக் காத்த பணி இது.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

“எல்லாம் புழுதானே” என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது இவற்றில் மிக ஆபத்தானது. பள்ளிகளில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது; நாடாப்புழுவுக்கு அதை நம்ப முடியாது. நாடாப்புழுவுக்கான மருந்தான பிராசிகுவான்டெல் மூளைக்கும் செல்லும். உள்ளே இருப்பது தெரியாத கட்டி அதனால் சிதையும்போது வீக்கம் உண்டாகி வலிப்பு வரலாம். அதனால்தான் மூளைக் கட்டிக்குப் புழு மருந்து தரும் மருத்துவர்கள், கண்ணிலும் கட்டி உண்டா என்று முதலில் சோதித்து, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சுண்ணாம்பேறிய பழைய கட்டிக்குப் புழு மருந்தே தேவையில்லை. வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நோயாளியைக் கவனித்துவிட்டு வீட்டாரை மறந்துவிடுகிறோம். உடன் வாழ்பவர்களும் சமைப்பவர்களும் மலப் பரிசோதனை செய்துகொண்டால், புழுவைச் சுமப்பவரைக் கண்டுபிடித்து எளிதில் குணப்படுத்தலாம்.

வேறொரு நாடாப்புழுவால் நாய் வழியே பரவும் நீர்க்கட்டி நோயிலும் இறைச்சி மீதே பழி விழுகிறது. ஆட்டு ஈரலில் உள்ள கட்டியை உண்பதால் மனிதருக்கு நேரடியாக அது வராது. கட்டியைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்ந்து, அதன் மலத்தில் வரும் முட்டைகளே நம்மைத் தாக்குகின்றன. ஆகவே கட்டியுள்ள ஈரல், நுரையீரலை நாய்க்குப் போடாதீர்கள். ஈரலில் நீர்க்கட்டி என்று ஸ்கேன் சொன்னால், கட்டியை ஊசியால் குத்தும் முன்பே நாய், ஆடுகளோடு உள்ள பழக்கத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்னேற்பாடின்றிக் குத்தினால் கசியும் நீர் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையைத் தூண்டலாம். வயிற்றுக்குள் புதுக் கட்டிகளையும் விதைத்துவிடலாம்.