மூலை பிரியாத சீமெந்துக் கல் சுவர்

2009க்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகளில் பல சீமெந்துக் கல் வீடுகள்தான். இந்தக் கல் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். பக்கத்திலிருந்து தள்ளினால் தாங்காது. பூமி அதிர்ந்தால் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து மூலையில் பிரிந்துவிடும். எங்கள் பக்கம் பூமியதிர்ச்சி அரிது, சரி. ஆனால் மார்கழிப் புயலும் சுவரைப் பக்கத்திலிருந்துதானே தள்ளுகிறது?

முதலில் கல்லைப் பாருங்கள். விளிம்பை ஆணியால் கீறினால் மணல் மாவாக உதிர்கிறதா? அந்தக் கல் வேண்டாம். நீங்களே கல் அரிந்தால் நிழலில் அடுக்கி, ஒரு கிழமையாவது தண்ணீர் விடுங்கள். முழுப் பலம் வர 28 நாள் ஆகும். கடற்கரை மணல் மலிவு என்று வாங்காதீர்கள், உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

அடுத்தது கட்டு. கீழ் வரியின் பொருத்துக்கு நேர்மேலே அடுத்த கல்லின் நடு வரவேண்டும். மூலையில் இரண்டு சுவர்க் கல்லும் வரிக்கு வரி மாறிமாறிக் கோத்து ஏறட்டும். நிலைக்குத்துப் பொருத்துகளிலும் சாந்தை நிரப்பச் சொல்லுங்கள். வெறுமையாக விட்டுப் பூச்சால் மூடினால் பிறகு யாருக்கும் தெரியாது. ஒரு நாளில் நாலு அடிக்கு மேல் உயர்த்தவேண்டாம். கதவும் யன்னலும் மூலையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

இனித்தான் முக்கியமான வேலை. கதவுக்கு மேல் மட்டும் லிண்டல், அதாவது கம்பி வைத்த கொங்கிறீட் பட்டி, போட்டு நிறுத்துவது பலருடைய வழக்கம். அதே லிண்டலை வெட்டாமல் வீட்டைச் சுற்றி, உள்சுவர்கள் மேலாகவும் பெல்ட்டாக ஓட்டுங்கள். பனையோலைப் பெட்டியை இழைத்த பிறகு வாய் விளிம்பைச் சுற்றித் தைத்துப் பொத்துகிறோமே, அது ஏன்? பொத்தாத பெட்டி பாரம் ஏறியதும் விரியும். சுவரும் அப்படித்தான்.

ஆறு அங்குலச் சுவருக்கு, மூன்று அங்குலத் தடிப்பான பெல்ட்டில் 10 மில்லிமீற்றர்க் கம்பி இரண்டு, ஆறு அங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி என்பது சிறிய வீட்டுக்கான அளவு. மூலையில் கம்பியை வெட்டி நிறுத்தினால் பெல்ட் போட்டதே வீண். கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் கொண்டுபோய், அங்குள்ள கம்பியோடு 50 சென்ரிமீற்றர் சேர்த்துக் கட்டுங்கள். கொங்கிறீட் போடுவதற்கு முன் ஏணி வைத்து ஏறி, நான்கு மூலையையும் கையால் தொட்டுப் பாருங்கள். கம்பி கல்லில் படுத்திருந்தால் சின்னக் கொங்கிறீட் துண்டை அடியில் வைத்து உயர்த்துங்கள், கீழேயும் கொங்கிறீட் போகவேண்டும்.

கொங்கிறீட் போட்ட பிறகு ஒரு கிழமை பெல்ட்டின் மேல் ஈரச்சாக்கு. அது காயாமல் பார்த்துக்கொண்டு, பிறகு மேல்வரியைத் தொடங்குங்கள்.