ஸ்வால்பார்டுக்கு எக்ஸ்பெடிஷன் கப்பலில் போக: விசா முதல் ரப்பர் படகு வரை

நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில், 74 முதல் 81 டிகிரி வடக்கில் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்டு. அங்கே ஊருக்கு ஊர் சாலை கிடையாது, அதனால் கோடையில் சுற்றிப் பார்க்கக் கப்பல்தான் வழி. போய்வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்பது பனிக்கரடியைப் பற்றி. ஆனால் இந்தப் பயணம் எப்படி அமையும் என்பது, வீட்டில் உட்கார்ந்து நாம் எடுக்கும் இரண்டு முடிவுகளில் இருக்கிறது: எந்தக் கப்பல், எந்த விசா.

படி 1: மாதமும் கப்பலும்

ஜூனில் கடல்பனி நிறைய இருக்கும், கரடி பார்க்க நல்லது, ஆனால் அங்குள்ள பெரிய தீவுகளுக்கு நடுவே போகும் ஹின்லோபன் நீரிணைக்குள் கப்பல் நுழைய முடியாமலே போகலாம். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்டு வரை பெரும்பாலும் பாதை திறந்திருக்கும். பறவைகள் பிடிக்கும் என்றால் ஆகஸ்டுக்குத் தள்ளாதீர்கள். அல்கேஃப்யெல்லட் என்ற செங்குத்துப் பாறையில் ஆயிரக்கணக்கான கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் உரச நிற்கும், அவை குஞ்சுகளோடு கடலில் இறங்கிவிட்டால் பாறை காலி. என்னைக் கேட்டால் ஜூலை நடுவில் போங்கள்.

கப்பல் சிறியதாக இருக்கட்டும். 2025 ஜனவரி 1 முதல் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போகக் கூடாது, கரையிறங்கவும் அப்பகுதிகளில் 43 இடங்களில் மட்டும்தான் அனுமதி. அந்த 200-க்குள்ளும் ஆள் கூடக்கூட முறைவைத்துத்தான் இறக்குவார்கள், உங்கள் முறை வரும்வரை கப்பலிலேயே காத்திருக்க வேண்டும். பால்கனி அறைக்குக் கொடுக்கிற காசைச் சிறிய கப்பலுக்குக் கொடுங்கள்.

படி 2: விசா (இதை இரண்டு முறை படியுங்கள்)

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான், பலர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஸ்வால்பார்டு நார்வேயின் ஆட்சியில் இருக்கிறது, ஆனால் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) எல்லைக்கு வெளியே. அந்தத் தீவுக்கு விசாவே தேவையில்லை. ஆனால் அங்கே போகிற விமானம் ஆஸ்லோவிலிருந்தோ ட்ரோம்சோவிலிருந்தோதான் கிளம்பும், அதாவது ஷெங்கனுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். ஆஸ்லோவில் இறங்கும்போது ஒரு நுழைவு முடிந்தது. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியெனுக்கு விமானம் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். கப்பல் பயணம் முடிந்து திரும்பி ஆஸ்லோவுக்கு வந்தால் அது இரண்டாவது நுழைவு. கையில் சிங்கிள் என்ட்ரி விசா இருந்தால் திரும்பி வர வழியில்லை.

அதனால் விண்ணப்பத்தில் எத்தனை முறை நுழைவு என்று கேட்கும் இடத்தில் இரண்டு அல்லது பலமுறை என்று குறியுங்கள். அது மட்டும் போதாது. கவரிங் லெட்டரில் தேதிவாரியாக எழுதுங்கள்: இந்தத் தேதி ஆஸ்லோவில் நுழைவு, இந்தத் தேதி ஸ்வால்பார்டுக்கு வெளியேற்றம், இந்தத் தேதி மறுபடி நுழைவு, இந்தத் தேதி ஊருக்குக் கிளம்புதல். கப்பல் உறுதிச்சீட்டையும் உள்ளூர் விமான டிக்கெட்டுகளையும் அதே வரிசையில் பின்னால் வையுங்கள். விசா மையத்தில் வாங்குகிறவருக்கு ஸ்வால்பார்டும் நார்வேதானே என்று தோன்றலாம், இந்தக் கடிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் ஸ்டிக்கரில் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள். 02 அல்லது மல்ட் (MULT, பலமுறை) என்று இருந்தால் சரி. 01 என்றால் உடனே மையத்தில் கேளுங்கள், விமான நிலையத்தில் பேசிப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இன்சூரன்ஸிலும் ஸ்வால்பார்டின் பெயரும், ஹெலிகாப்டரில் மீட்கும் செலவும் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: மூட்டை கட்டுதல்

மெரினோ கம்பளி உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். தண்ணீர் புகாத பேன்ட் கட்டாயம், கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகில் அலைத் தெறிப்பு மடியில்தான் விழும். கரையிறங்கப் போடும் பூட்ஸைப் பல கப்பல்களில் இரவலாகவே தருகிறார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பெரிய லென்ஸை விட நல்ல பைனாகுலர் முக்கியம். கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகி நிற்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். நான் 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 தான் சொல்வேன், ஆடுகிற தளத்தில் 10 மடங்கு கண்ணாடி கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் தடை.

படி 4: கப்பலில் ஏறியபின்

கரையிறங்கும் முன் துணிகளைச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். வேக்குவம் கிளீனரை வைத்துப் பைகளின் மூலை, வெல்க்ரோ பட்டையின் முள் நடுவே எல்லாம் உறிஞ்ச வேண்டும். ஏதோ ஒரு மலையில் ஒட்டிக்கொண்ட புல் விதை அங்கேதான் ஒளிந்திருக்கும், அது இந்தத் தீவில் முளைத்துவிடக் கூடாது. பொறுமையாகச் செய்யுங்கள்.

படகில் ஏறும்போது மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள். முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடியுங்கள், அவரும் உங்கள் முன்கையைப் பிடிப்பார். ஈரக் கையுறை வழுக்கினாலும் இந்தப் பிடி விடாது. இன்னொரு கையில் எதுவும் வேண்டாம், கேமரா பைக்குள் போகட்டும். கரையில் துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டிகள் நிற்கும் எல்லையைத் தாண்டி ஓரடி கூடப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் கேட்டவை. நி-ஓலெசுன் என்ற ஆய்வு நிலைய ஊரில் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையும் புளூடூத்தும் அணைத்திருப்பதை உறுதிப்படுத்துங்கள், அங்குள்ள ரேடியோ தொலைநோக்கிகளின் வேலையை போன் சிக்னல் கெடுக்கும். 2008-இல் தொடங்கிய நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அப்புறம், திரும்பும்போது ஆஸ்லோவில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டியிருக்கும், ஸ்வால்பார்டு நார்வேயின் சுங்க எல்லைக்கும் வெளியே. அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.