உதயகிரிக் கோட்டையை முறையாகப் பார்ப்பது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து தக்கலை செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் உதயகிரிக் கோட்டையை அடையலாம். ஒரு காலத்தில் திருவிதாங்கூர்ப் படைக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்த இக்கோட்டை இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பும், நடுவே ஒரு குன்றும் கொண்ட இந்த இடத்தை அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு. ஒரு முழுக் காலைப் பொழுதை இதற்கென ஒதுக்குங்கள்.

வாயில் திறந்தவுடன் பறவைகளைப் பார்க்கச் செல்லுங்கள். வெயில் ஏறிவிட்டால் அவற்றின் நடமாட்டம் குறைந்துவிடும். அடைப்புகளில் வளர்க்கப்படும் உயிரினங்களைவிட, மரங்களில் தன்னிச்சையாகத் திரியும் பறவைகளே என் கண்ணுக்கு இக்கோட்டையின் செல்வம். மரம் மரமாக அலையாமல், ஒரே நிழலில் அசையாது நின்று, முதலில் குரலைக் கேட்டு, அது வரும் கிளையைப் பிறகு தேடினால், குக்குறுவானும் செம்போத்தும் தாமாகவே கண்ணில் படும். தீனி எதுவும் போட வேண்டாம்.

அதன்பின் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறைக்குச் செல்லுங்கள். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் சிறைப்பட்ட அவர், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சியளித்து, இக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தி, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்று பெயர் பெற்று, 1777இல் இங்கேயே மறைந்தார். கூரையிழந்த சிற்றாலயத்துக்குள் இருக்கும் கல்லறைப் பலகையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. வெயில் உச்சிக்கு ஏறுமுன் ஒளி சாய்வாக விழும்போது பள்ளமான எழுத்துகளில் நிழல் தங்குவதால் அவற்றை வாசிப்பது எளிது. எழுத்து தெளியட்டும் என்று சுண்ணக்கட்டி தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் கல்லுக்குக் கேடு செய்யலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்ய விடாதீர்கள்.

மதில் கற்களின் இடுக்கில் வேரோடியிருக்கும் செடிகளைப் பிடித்து மேலே ஏறுவதும் ஆபத்தானது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால், பாறை வழுக்காத சனவரி, பிப்ரவரி மாதங்களே வருவதற்கு ஏற்றவை.

அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்க்க விரும்புவோர் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். அன்று அரண்மனைக்கு விடுமுறை.